அந்த ஒரு கோல்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கெஸ்ட் ஹவுஸ் விரிப்பு ஒன்றும் காயவில்லை. பெரஹரா ஊர்வலம் வருகிறது, அறையெல்லாம் ஆள் சொல்லி வைத்தாச்சு, மேடத்துக்கு எல்லாம் வெள்ளையாக வேண்டுமாம். வானத்திடம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு. ஜேர்சி மூட்டை வரவில்லை. வராது என்று தெரியும். கை மட்டும் பெரிய வாளியைக் கழுவி வைத்துவிட்டது.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து ஞாயிறு சாயங்காலம் என்றால் அந்த மூட்டைதான். இவர் முதுகில் போட்டுக்கொண்டு படியேறி வருவார். கிளப்பில் துவைக்க ஆள் இல்லை, அந்தோனி பெண்சாதி துவைக்கிறவள்தானே என்று எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு மெட்ச் முழுக்கப் பார்த்ததில்லை நான். மண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். கடுகண்ணாவைப் பக்கம் போய் விளையாடினால் செம்மண், சவர்க்காரம் ரெண்டு தரம் போட வேணும். தெல்தெனிய மண் கறுப்பு, லேசில் போகும். ஒரு வருஷம் கொழும்புக் கிளப் கூப்பிட்டுப் போனார், அப்போது மணல். மணலில் கோல் போட்டால் ருசி இல்லை என்று திரும்பி வந்துவிட்டார். கிழமை நாளில் அக்குறணையில் இரும்புக் கடையில் கம்பி ஏற்றுவது, சனி ஞாயிறு கோல் போடுவது. அதுதான் இவர் உத்தியோகம்.

இவருடைய ஒன்பதாம் நம்பர் நெஞ்சில் மண் இருந்தால் கோல். கோல் போட்டதும் நெஞ்சால் சறுக்கிக்கொண்டு போவாராம். எப்போதும் மண் இருக்கும். மண் இல்லாத ஞாயிறு, சோறு போட்டுவிட்டு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மகள் ஷாலினியின் கொப்பியில் மிஞ்சின தாள் இது. ஒளித்து வைக்க வேணும்.


ஜூலை 8, செவ்வாய்

இவருடைய 31ஆம் நாள் பூசை. மழை விட்டது.

கோயிலில் பாதி கிளப் ஆட்கள். நலீம் நானா வெளியே மரத்தடியில் நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. இவரோடு பதினைந்து வருஷமாக முன்வரிசையில் நின்று விளையாடினவர், பத்தாம் நம்பர். அக்குறணை ஆள், இரும்புக் கடை வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

எத்தனை கோல் என்று பேச்சு வந்தது. கிளப் செக்ரட்டரி மாத்தயா ஒரு கணக்கு, நலீம் நானா ஒரு கணக்கு. தோட்டத்து டீமுக்குப் போட்டதெல்லாம் சேருமா சேராதா என்று பாணும் பருப்பும் தின்றுகொண்டே சண்டை. இவர் இருந்தால் ரெண்டு பேரையும் விடக் கூடச் சொல்லியிருப்பார்.

பாத்திரம் கழுவும்போது பிலோ அண்ணி வந்தார், இவருடைய அக்கா. நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று,

"அவன் எத்தன தரம் சொல்லியிருக்கான், நீ வந்தா பந்து போவாதுன்னு. நீ ஏன் போன?"

சட்டியைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த சட்டி.


ஜூலை 9, புதன்

நீலம் போட்டேன். வெயில் கொஞ்சம்.

நிச்சயம் பண்ணின புதிதில் ஒரே ஒரு தரம் பார்க்கப் போனேன். பெனல்டி. இவர் அடித்தது மதிலுக்கு மேலே போய் யாரோ வீட்டு மரவள்ளியில் விழுந்தது. அன்றைக்குச் சொன்னார், நீ இனி வராதே. பிறகு நானும் போகவில்லை. இவருக்கு மட்டும் இல்லை, டீமில் எல்லாருக்கும் ஒன்று இருந்தது. கீப்பர் மெட்ச் கிழமையில் நகம் வெட்ட மாட்டார். நலீம் நானா இடது சப்பாத்தைத்தான் முதலில் போடுவார். என்னுடையது, நான் வராமல் இருப்பது.

அந்த ஞாயிறு போனேன். ஏன் போனேன்? மழை. ஜேர்சி காயவில்லை. நீங்க போங்க, நான் கெஸ்ட் ஹவுஸில் அயன் பண்ணிக் கொண்டுவந்து தாறேன் என்றேன். பஸ்ஸில் மூட்டையோடு போனேன். செக்ரட்டரி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒரு நிமிஷம் பார்ப்போம் என்று குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன்.

எதிர் டீம் ரெண்டு கோல் போட்டுவிட்டது. இவர் என்னைக் கண்டுவிட்டார். போ போ என்று கையால் விரட்டினார், கோழியை விரட்டுகிற மாதிரி. நான் திரும்பி நடக்கிறேன், பின்னால் சத்தம். பார்த்தால் பந்து வலைக்குள். தலையால் அடித்தாராம். சறுக்கவில்லை. நேரே என்னிடம் ஓடி வந்தார். மூச்சு வாங்குது. நெற்றியில் பந்து பட்ட அடையாளம்.

"சரி. இனி நில்லு."

அவ்வளவுதான் சொன்னார். சிரித்தார். நின்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான். பந்து கூடப் பக்கத்தில் இல்லை. விழுந்தார். டொக்டர் சொன்னார், நெஞ்சில் பிறந்ததிலிருந்தே இருந்த கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்காது என்று. டொக்டர் சொன்னதை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார். கேட்டதா இல்லையா தெரியாது.


ஜூலை 12, சனி

செக்ரட்டரியும் நலீம் நானாவும் வந்தார்கள். வீட்டில் கதிரை ஒன்றுதான் நல்லது, செக்ரட்டரிக்குப் போட்டேன். பால் இல்லாத பிளேன்டி கொடுத்தேன், சீனியும் குறைவு.

விஷயம் இதுதான். பாதியில் நின்ற மெட்ச். லீக் கமிட்டி ரெண்டில் ஒன்று செய்யலாம். இருந்தபடியே விடலாம், அப்படியென்றால் ரெண்டுக்கு ஒன்று, நாங்கள் தோல்வி, கிளப் கீழ் டிவிஷனுக்குப் போகும். இல்லை, முதலிலிருந்து திருப்பி வைக்கலாம். கமிட்டியில் பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி. செத்தவர் பெண்சாதி வந்து திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

செக்ரட்டரி சிங்களத்தில்தான் சொன்னார், எனக்கு விளங்கும். நங்கி, நங்கி என்று தங்கச்சி முறை வைத்து நல்ல மரியாதை. இவர் பெயரில் ஒரு கப் வைப்போம், கிளப்பில் பெரிய படம் மாட்டுவோம் என்றார். அந்தோனி கிளப்புக்காக உயிரையே விட்டவன், அவனும் இதைத்தான் விரும்புவான் என்றார்.

நலீம் நானா பிளேன்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பி வைத்தால் இவர் போட்டது என்ன ஆகும் என்று கேட்டேன்.

செக்ரட்டரி நலீம் நானாவைப் பார்த்தார். அது சேராது என்றார். அந்த மெட்சே நடக்காத மாதிரி.

கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.


ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். ஷாலினிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பாண் தின்றுகொண்டே கேட்கிறாள்,

"அப்பா போட்ட கோல் எங்கம்மா போவும்?"

தின்னுடி என்றேன்.

அவனும் இதைத்தான் விரும்புவானாம். இவரை எனக்குத் தெரியாதா? ஒரு தரம் இவர் அடித்த பந்து நலீம் நானா முழங்காலில் உரசிக்கொண்டு போய் விழுந்தது. கோல் நலீம் நானா பெயரில் போய்விட்டது. ரெண்டு பேரும் மாதக் கணக்கில் பேசவில்லை. ஒரே லொறியில் கம்பி ஏற்றுவார்கள், பேச்சில்லை. கிரவுண்டில் மட்டும் பந்து கொடுத்துக்கொள்வார்கள். கடைசியில் ரம்ஸானுக்கு அவர் வட்டிலப்பம் கொண்டுவந்தார். அதைத் தின்றுகொண்டே இவர், "முழங்கால்ல பட்டதெல்லாம் கோலா?" என்றார். அப்படிப்பட்ட மனுஷன். சட்டை கேட்டால் கழற்றிக் கொடுப்பார். கோல் கொடுக்க மாட்டார்.


ஜூலை 15, செவ்வாய்

காற்று. விரிப்பு ஒன்று பறந்து வாகைமரத்தில் மாட்டிக்கொண்டது. எடுக்க ஒரு மணித்தியாலம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை இன்றைக்குத்தான் திறந்தேன். ஒன்பதாம் நம்பர். முன்பக்கம் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள், கழுத்திலிருந்து கீழ் வரைக்கும். சேர்த்து வைத்துப் பார்த்தேன். முதுகில் மண், விழுந்த மண். நெஞ்சு சுத்தம். நான் அயன் பண்ணின மடிப்பு கூட அப்படியே.

இதைப் பார்க்கிறவர்கள் அன்றைக்குக் கோல் இல்லை என்றுதான் சொல்வார்கள். நானே சொல்லியிருப்பேன்.

கோல் இல்லையென்றால் என்ன மிஞ்சுது? நான் போனேன், பந்து போகவில்லை, இவர் செத்துப்போனார். அண்ணி சொன்னது சரி. நில்லு என்று சொன்னதும் நடக்காத மெட்சில் சொன்னது.

துவைக்கவில்லை. திருப்பிப் பையில் வைத்தேன். அலுமாரியில் மேல் தட்டு.


ஜூலை 18, வெள்ளி

நாளைக்குக் கூட்டம். வெள்ளைச் சேலை அயன். ஷாலினியைப் பக்கத்து வீட்டில் விட வேணும். மேடத்திடம் அரை நாள் லீவு கேட்டேன். பெரஹரா நேரத்திலா என்றார். பிறகு சரி என்றார்.

என்ன பேசுவதென்று இன்னும் முடிவில்லை. பதினாறு பேர் ஜேர்சியும் என் கையில் பட்டது. கீப்பருக்கு அக்குளில் எப்போதும் கிழியும், நான்தான் தைப்பேன். அவர்களுக்கு நான் என்ன கெடுதல் செய்ய?

மாதாவிடமும் கேட்டாச்சு.


ஜூலை 19, சனி

நலீம் நானா அவருடைய தம்பியின் திரீவீல் ஆட்டோவில் கூட்டிப்போனார். போகும்போது சொன்னார், நான் கேட்கவில்லை, அவராகவே. வயசு போகிறது, மேல் டிவிஷனில் விளையாட இன்னும் ஒரு வருஷம்தான் காலில் இருக்கு, கீழே போனால் அதோடு சரி. சொல்லிவிட்டு, ஆனா நீங்க ஒங்க மனசுப்படி பேசுங்க தங்கச்சி என்றார்.

மாடி அறை. நீள மேசை. ஃபேன் சத்தம். எதிர் டீம் மாத்தளைப் பக்கத்து ஆட்கள், ரெண்டு பேர் வந்திருந்தார்கள், என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்கள். தலைவர் வயசானவர். அனுதாபம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, சொல்லுங்க மகள் என்றார். தமிழிலேயே பேசுங்க, எங்களுக்கு விளங்கும் என்றார்.

செக்ரட்டரி எனக்குச் சொல்லிக் கொடுத்தது முழுக்க ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"எம் புருஷன் போட்ட கோல எடுத்துறாதீங்க."

தலைவர் மெதுவாகக் கேட்டார், அப்படியென்றால் உங்கள் கிளப் தோற்றது தோற்றதுதான், தெரியுமா என்று.

"தெரியும். அவரு போட்டாரு. நான் அங்க நின்னேன்."

தண்ணீர்க் கிளாஸ் இன்னும் என் கையிலேயே இருந்தது. மாத்தளை ஆள் ஒருவர் வாங்கி வைத்தார்.

வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். இருந்தபடியே விடுகிறார்களாம்.

செக்ரட்டரி என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். இனி நங்கி கிங்கி இல்லை.

திரும்பும்போது நலீம் நானா வாவிப் பக்கம் வளைவில் ஓரமாக நிறுத்தினார். முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்,

"மச்சான் உசிரோட ஈந்தாலும் இதத்தான் செல்லியிருப்பான். பொல்லாத கஞ்சன்."

தோள் குலுங்கினது. சிரித்தாரா அழுதாரா, பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.


ஜூலை 23, புதன்

சவர்க்காரம், நீலம், ஷாலினிக்குச் சப்பாத்துக் கயிறு. சீனி மறந்துவிட்டேன்.

சந்தையில் கீப்பருடைய பெண்சாதி. என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் நின்றவளிடம் எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்: செத்த ஒருத்தனுக்காக உயிரோட இருக்கிற எல்லாரையும் கீழே தள்ளிட்டா.

பொய் என்று சொல்ல முடியாது.

வெண்டிக்காய் வாங்காமலே வந்துவிட்டேன்.


ஜூலை 27, ஞாயிறு

வெயில். நல்ல வெயில். எல்லாம் காய்ந்தது.

பிலோ அண்ணி வந்தார். கூட்டத்தில் நடந்தது காதுக்குப் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் இருந்தார். ஷாலினிக்குத் தலை பின்னிவிட்டார். போகும்போது படியில் நின்று, நீ நின்னப்பதான் போட்டானா என்று கேட்டார். ஆமா அண்ணி என்றேன். எந்தக் காலால என்றார். தலையால என்றேன். போய்விட்டார். இந்தத் தரம் நீ ஏன் போன என்று கேட்கவில்லை.

கிளப் ஜேர்சி இப்போது டவுனில் மெஷின் லோன்றிக்குப் போகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போகட்டும். மெஷினுக்கு மண் தெரியுமா.

நான் செய்தது சரியா? தெரியவில்லை. இவரிடம் கேட்டால் சரி என்பார். இவர் பேச்சைக் கணக்கில் எடுக்க முடியாது.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெரஹரா ஆட்கள். விரிப்பு மலை மாதிரி. இடுப்பு விட்டுப்போச்சு.

பின்னேரம் மழைக்கு முன்னால் படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். கனமான நடை. ஷாலினி ஓடிப்போய்ப் பார்த்தாள். நலீம் நானா. முதுகில் மூட்டை.

தெல்தெனியவில் கப் மெட்சாம். லோன்றிக்காரன் கறை போகாமல் கொடுத்துவிட்டான், பெடியன்கள் சத்தம் என்றார். செக்ரட்டரிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர்தான் கட்டிக் கொடுத்தார் என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோற்றீர்களா வென்றீர்களா என்று கேட்கவும் வாய் வரவில்லை. நாளைக்குக் கடைக்கு நேரத்துக்குப் போகணும் என்று இறங்கிவிட்டார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

பெரிய வாளியில் தண்ணீர் பிடித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கீப்பருடையது, அக்குளில் கிழிசல். ஏழு. நாலு. ஒன்பது இல்லை. அந்த நம்பரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை போல.

நலீம் நானா கோல் போட்டால் சறுக்குகிறவர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நடந்தே திரும்பி வருவார் என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய பத்தாம் நம்பர் கடைசியில் இருந்தது. நெஞ்சு முழுக்கக் கறுப்பு மண்.

அதை மட்டும் இன்னும் நனைக்கவில்லை.