கையில் கொடுத்த புள்ளி

மார்ச் 3

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றாலும் எழுத மாட்டாய். போனில் பேசினால் பாதியில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த வழிக்கு வந்திருக்கிறேன்.

ஆறு மாதம்தான் என்று சொல்லிவிட்டு அந்த ஊர் ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாய். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சமையலில் நான் தேறிவிட்டேன், உப்பு மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மே கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு வீட்டில் நானும் அந்தக் குழாயும்தான்.

ஒரு நல்ல செய்தி. மே மாதம் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கிளப்பில் கோல்ஃப் குரோக்கே ஹேண்டிகேப் போட்டி, பந்தடிக்கும் நம் மரச்சுத்திகளுக்கு மறுபடி வேலை. நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். என் எண் ஐந்து, உன் எண் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன். நாம் மோதினால், எண் பெரிதாக உள்ள உனக்குப் பழையபடி மூன்று புள்ளி ஆரம்பத்திலேயே கையில் இருக்கும். ஜெயிக்க நான் ஏழு வளையத்தில் பந்தை நுழைக்க வேண்டும், உனக்கு நாலு போதும்.

ஆட்டம் முடிந்ததும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடு. அங்கே உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்களாம், உன் தங்கை சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன்,
கணக்கு வாத்தியார்

மார்ச் 12

கணக்கு வாத்தியார் அவர்களுக்கு,

குழாய்க்குள் இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும். கத்தி வைக்கும் இழுப்பறையில் புது வாஷர் இரண்டு கிடக்கிறது. மேல்தொட்டிக் குழாயை மூடிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

அடுத்தது என் எண். போட்டிச் செயலாளருக்கு நானே போன் செய்து திருத்திவிட்டேன். நான் இப்போது பன்னிரண்டு இல்லை, நாலு. சனி, ஞாயிறு என்றால் இங்கே புல்வெளியில்தான் இருப்பேன். ஜெயிக்க ஜெயிக்க எண் இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், அதன்படி இறங்கியிருக்கிறது. ஆகவே நாம் மோதினால் ஒரு புள்ளி உங்கள் கையில் இருக்கும்.

நீங்கள் வேண்டுமென்று பொய் எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள். குரோக்கே சங்கத்தின் பட்டியலில் ஊரில் உள்ள அத்தனை பேர் எண்ணையும் பார்ப்பவர் நீங்கள். பெண்டாட்டி எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. அது எங்கே போய்விடும், வைத்த இடத்தில் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள்.

உங்களை நான் எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் வழியில், "நான் குடுத்த மூணு புள்ளி இல்லன்னா" என்று ஆரம்பிப்பீர்கள். ஜெயித்த சந்தோஷம் நம் தெருமுனை வரைக்கும்கூட வந்ததில்லை.

கையெழுத்துப் போட மே கடைசி வரை நேரம் இருக்கிறது. உங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
பிடிவாதம்

மார்ச் 20

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

நாலா? உன் கிளப்பில் மற்றவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார்களா?

பட்டியலைப் பார்த்தேன். நாலுதான். பெயர் உன்னுடையதுதான் என்பதையும் சரிபார்த்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு உன் புள்ளி வேண்டாம். பூஜ்யத்திலிருந்தே ஆடுகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "புள்ளி வேணாம்னா போட்டியும் வேணாம் சார், விதி அப்படி" என்று முடித்துவிட்டார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விதி சொன்னவன், அந்த விதிக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னை மட்டமாக நினைத்து நான் எதையும் செய்ததில்லை. தோற்றால் உன் முகம் சுண்டிப்போகும், அதைப் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் வரட்டும் மே மாதம். நானும் தினமும் பழகுகிறேன்.

வாஷரை மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

உன்,
கணக்கு வாத்தியார்

மே 18

அன்புள்ள உனக்கு,

நேற்று ஆட்டம் முடிந்ததும் அவசரமாகப் பஸ் ஏறி வந்துவிட்டேன். நேரில் பேசத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால், அந்தப் புள்ளியை நமக்குள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் மெதுவாகக் கேட்டேன். நீ சுத்தியைத் துடைத்துக்கொண்டே, "குடுக்கறத வாங்கிக்குங்க, இது தானம் இல்ல, கணக்கு" என்றாய். முதல் பாதி நான் உன்னிடம் வழக்கமாகச் சொல்வது. இரண்டாவது பாதியை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நீ ஆடியதைப் பார்த்து அசந்துபோனேன். மூன்றாவது வளையத்தின் வாயில் நின்ற என் பந்தை அவ்வளவு தூரத்திலிருந்து அடித்துத் தள்ளினாயே, அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நீ கொடுத்த புள்ளியையும் சேர்த்து ஆறுக்கு ஆறு. கடைசி வளையத்தில் உன் நீலப் பந்து கம்பியில் இடித்து நின்றது, என் சிவப்பு உள்ளே போனது. ஏழுக்கு ஆறு.

எல்லாரும் கை குலுக்கினார்கள். டீ குடிக்கும்போது பக்கத்து மேஜைக்காரர், "அம்மா ஒரு புள்ளி குடுத்தாங்க, ஐயா பொழச்சாரு" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் டீயைப் பாதியிலேயே மேஜையில் வைத்துவிட்டேன். புல்லில் இறங்கி நாம் அடித்தது ஆளுக்கு ஆறு. ஜெயித்தது நானா, அந்தப் புள்ளியா என்று பஸ்ஸில் வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது. நம் தெருமுனையில் இறங்கி நடந்தபோதுதான் உன் கடிதம் முழுசாகப் புரிந்தது. ரொம்ப வலித்தது.

வீட்டுக்கு வா என்று இனி எழுத மாட்டேன். வீடு எங்கே என்பதை இந்தத் தடவை நீ சொல்.

உன்,
கணக்கு

மே 26

அன்புள்ள கணக்குக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். லேப் முழுவதும் இனி என் பொறுப்பு. தயங்கவில்லை, இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது, இந்த ஊரும் பிடித்திருக்கிறது.

தோற்றதில் எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. அந்தக் கடைசி அடியில் அவசரப்பட்டேன். ஆனால் நீங்கள் ஜெயித்தீர்கள், புள்ளி ஜெயிக்கவில்லை. சிவப்புப் பந்தை வளையத்துக்குள் அனுப்பியது உங்கள் கை. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன்.

இங்கே என் வீட்டில் இரண்டு அறை. ஜன்னல் உள்ள அறையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், அதில் இன்னொருவருக்கும் இடம் உண்டு. மற்ற அறையில் நீங்கள் டியூஷன் எடுக்கலாம். கணக்கில் உதைபடும் பிள்ளைகள் இந்தத் தெருவிலும் நிறைய இருக்கிறார்கள். குழாய் எதுவும் ஒழுகவில்லை. தயவுசெய்து தொடாதீர்கள்.

செயலாளர் புது எண்களை அனுப்பியிருக்கிறார், பார்த்தீர்களா? அந்த வெற்றியில் உங்கள் எண் நாலுக்கு இறங்கிவிட்டது. என்னுடையது நாலிலேயே நிற்கிறது. இனி யாரும் யாருக்கும் புள்ளி கொடுக்க வேண்டியதில்லை, பூஜ்யத்துக்குப் பூஜ்யம்தான். ஜூன் முதல் சனிக்கிழமை காலைக்கு எங்கள் கிளப்பில் நம் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். உங்கள் எண்ணைச் சரியாகவே எழுதினேன்.

சுத்தியை மறக்காமல் எடுத்து வாருங்கள். துணிமணியும் ஒரு நாளைக்கு மட்டும் கட்ட வேண்டாம்.

உங்கள்,
பிடிவாதம்