ஸ்டெல்லாவின் டேக்கிங் ஓவர்

ஜூலை 8, திங்கள்

வெயில். உப்புக் காற்று. பஸ்ஸில் செருப்பு வார் அறுந்தது.

கன்டெய்னர் யார்டில் புது மேனேஜர், புது ரூல். கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் மாறும்போது, வந்து உட்காருகிறவர் வயர்லெஸ்ஸில் 'டேக்கிங் ஓவர்' சொல்லணும். அதாவது, இந்த நிமிஷத்திலிருந்து யார்டு என் பொறுப்பு. அது காதில் விழும்வரை போகிறவருக்கு ஷிஃப்ட் முடியாது.

காலை ஷிஃப்ட் ஸ்டெல்லா. பாட்டு மாதிரி சொன்னாளாம், மேனேஜர் பாராட்டினாராம். மதியம் நான். நாக்கு குழறிவிட்டது. லாரி டிரைவர்கள் அத்தனை பேரும் கேட்கிற வயர்லெஸ். ஒருத்தன் என்னை மாதிரியே சொல்லிக் காட்டினான். ஒரே சிரிப்பு.

ராயபுரத்தில் ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த இங்கிலீஷ்? வயிறு எரிகிறது.

9, செவ்வாய்

வாங்க: செருப்பு, தே. எண்ணெய், அம்மா மாத்திரை.

இன்சார்ஜ் போஸ்ட் வரப்போகிறதாம். அவளா, நானா. கேன்டீனில் எல்லார் வாயிலும் ஸ்டெல்லா பேர்தான். வஞ்சிரம் வறுவல் கொண்டுவந்திருந்தாள். பெரிய துண்டு எனக்கு. அதுவும் எரிச்சல். தின்றேன்.

மதியம் சீட்டில் உட்கார்ந்தேன், மைக்கைத் தொடவில்லை. நீ கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

"மைக்ல சொல்லுடி மேரி. வூட்ல புள்ளைக்கு ஜொரம், நான் போவணும்."

அப்புறம் சொல்கிறேன் என்றேன். நம்பிப் போனாள். நான் சொல்லவே இல்லை.

10, புதன்

வானம் மூட்டம். மழை இல்லை.

நேற்று சாயங்காலம் இறால் ஏற்றிய குளிர்பெட்டியின் பிளக் கழன்று கிடந்திருக்கிறது. ஸ்கிரீனில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். நான் போனில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். இறால் மொத்தமும் பாழ்.

மேனேஜர் வயர்லெஸ் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டார். மதியம் யாரும் டேக்கிங் ஓவர் சொல்லவில்லை. அப்படியானால் ரூல்படி யார்டு ஸ்டெல்லா பொறுப்பில்தான் இருந்தது என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று. நான் மேஜையைப் பார்த்தேன்.

"அந்த வார்த்தைய கேக்காம எழுந்து போனது என் தப்பு சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. திட்டு வாங்குவதைக்கூட என்னைவிட அழகாக வாங்குகிறாள், பாவி.

11, வியாழன்

புதுச் செருப்பு கடிக்கிறது. ஸ்டெல்லா கேன்டீனுக்கு வரவில்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

12, வெள்ளி

இன்சார்ஜ் நான்தான். திங்களிலிருந்து. அம்மா கேசரி கிண்டினாள். சந்தோஷம் வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மதியம் மைக்கை அழுத்தி, நாக்கு குழறாமல், டேக்கிங் ஓவர் என்றேன். டிரைவர் ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.