தட்ட வேண்டாம் என்று எழுதிய அட்டை

இன்று நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு உன் ஊரிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நீ பிறந்த பாறசாலையிலிருந்து இல்லை, நீ கடைசி மூன்று வருடம் இருந்த அந்த இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து. பிரித்ததும் நனைந்து காய்ந்த காகிதத்தின் வாடை அடித்தது. அனுப்பியவர் உன் பக்கத்து வீட்டு டோரத்தி. உள்ளே அவர் கடிதமும், ஊர் வரலாற்றுப் புத்தகத்தின் புதுப் பதிப்புக்காக அச்சிட்ட ஒரு பக்கமும் இருந்தன. அந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாய். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்கு நின்றபடியே படித்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

நீ கிளம்பும் முன் சாலைக் கடைத்தெருவில் கம்பளி உடுப்பு தேடி அலைந்தோமே, அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. வேர்த்து வழிய வழிய ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தாய். "எந்த ஊருக்கும்மா?" என்று திருநெல்வேலிக்காரக் கடைக்காரர் கேட்டார். நீ ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் விழித்தார். நான் முந்திக்கொண்டு "லண்டன் பக்கம்" என்றேன். கடையை விட்டு இறங்கியதும் என் கையைக் கிள்ளினாய்.

"எடீ, லண்டன்லேருந்து நாலு மணி நேரம் போணும், கேட்டியா? தெரியாததுக்கும் எதுக்கு நீ பதில் சொல்லுதே?"

என் குணம் அது. யார் எதைக் கேட்டாலும் உடனே ஒரு வழி சொல்லிவிட வேண்டும் எனக்கு. நீ வார்டில் நர்ஸ், நான் ரெக்கார்டு அறையில் கிளார்க். பழகிய காலமெல்லாம் நான் வழி சொன்னேன். நீ கேலி செய்துவிட்டு, பெரும்பாலும் அதையே செய்தாய்.

போய்ச் சேர்ந்ததும் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. ஒரே தெரு. பழைய கல் சர்ச். மூடிப்போன பள்ளிக்கூடம், மூடிப்போன போஸ்ட் ஆபீஸ், மூடாத மதுக்கடை. யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் வெட்டிய கல்லைப் பற்றி ஒரு நாள் சொன்னாய். "ஒரே வீட்டுப் பேரு மூணு இருக்குடீ. அண்ணன் தம்பிங்க. அவங்க அம்மை கடைக்குப் போணும்னா இந்தக் கல்லைத் தாண்டித்தானே போயிருப்பா, பின்னே?"

வியாழக்கிழமைதோறும் ஊர் மன்றத்தில் டீ. யார் பலகாரம் கொண்டுவர வேண்டும் என்று சுவரில் ஒரு பட்டியல். அதில் உன் பெயரையும் சேர்த்தார்கள். நீ அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டு போனாய். இதைத் தின்பதா, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதா என்று ஒரு கிழவர் கேட்டாராம். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஊர் வரலாற்றை எழுதிவைப்பவர் டோரத்திதான். பழைய பதிப்பில் ஒரு பக்கத்தை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். பனி மூடிய ஒரு குளிர்காலத்தில், தனியாக இருந்த ஒருவர் செத்துப் பல நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் வெட்கிப்போய் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. காலை பத்து மணிக்குள் எல்லோரும் முன்ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும். விலகாத வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டார் போய்த் தட்ட வேண்டும். அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் கவனிப்பாரற்றுச் சாகவில்லை என்று அந்தப் பக்கம் முடிந்தது.

உனக்கோ முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுப்பாய். பத்து மணிக்கு டோரத்தி தட்டுவார். விவரம் சொன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவார். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வருவார்.

"தூக்கமே இல்லடீ. ஸ்நேகத்துல கொல்லுதாங்க."

"ஒரு அட்டையில எழுதிக் கதவுல தொங்கவிடு. வேலை முடிஞ்சு தூங்குதேன், தயவுசெஞ்சு தட்ட வேண்டாம்னு. தீர்ந்துது."

"அவங்க வழக்கமாக்கும் அது. வேண்டாம்னா மோசமா இருக்காதா?"

"உனக்குத் தூக்கம் வேணுமா, அவங்க வழக்கம் வேணுமா?"

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் இங்கிலீஷில் நல்ல மரியாதையாக இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நீ அப்படியே பார்த்து எழுதி மாட்டினாய். அவர்களும் தட்டுவதை விட்டுவிட்டார்கள். "சுகமா உறங்குதேன், மகராசி" என்று செய்தி அனுப்பினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடைசி முறை வேலையிலிருந்து வந்து அட்டையை மாட்டினாய், திரையை இழுத்தாய், அடுக்களையில் விழுந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. அடுத்த இரண்டு நாள் உனக்கு லீவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பகலில் தூங்குகிறாய், இரவில் வேலைக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது நாள் நீ வேலைக்கு வரவில்லை என்று இல்லத்திலிருந்து தேடி வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். நானும் முதல் நாள் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பதில் வராததால், தூங்கட்டும் பாவம் என்று போன் பண்ணாமல் இருந்தேன். விடாமல் போன் அடித்திருந்தால் சுவர் ஒட்டிய டோரத்தி வீடு வரைக்கும் மணி கேட்டிருக்கும்.

உன் உடல் புறப்பட்ட அன்று ஊர் முழுக்க மழையில் தெருவில் நின்றதாக டோரத்தி எழுதியிருந்தார். பாறசாலை கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்தபோது உன் அண்ணன் இங்கிலீஷில் இருந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். இந்த மாதிரிக் காகிதங்களை அடுக்கிவைப்பதுதான் என் வேலை. விழுந்த பிறகு பல மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று அதில் இருந்தது. வலி தெரியாமல் உடனே போய்விட்டாள் என்று அவரிடம் சொன்னேன்.

டோரத்தி அனுப்பிய பக்கத்தில் அந்தப் பழைய கடைசி வரி இல்லை. அந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்காரி டோரத்தி நான்கு முறை அவள் வாசலைக் கடந்து போனாள், தட்டவில்லை என்று இருக்கிறது. எண்பது வயதுக்கு மேல் தன் பெயரைத் தானே அப்படி அச்சில் ஏற்றுகிறார். கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தார். "என்னிடம் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லாத பெண். அப்படி ஒரு அட்டையை மாட்டும் அளவுக்கு நாங்கள் அவளைத் தொந்தரவு செய்துவிட்டோமா?"

திருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடலாம் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த அட்டையை எழுதவைத்தது நான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உன் அண்ணனிடம் பொய் சொன்ன வாய்க்கு இன்னொரு பொய் என்ன கஷ்டம்? ஆனால் அந்தக் கிழவி சாகும்வரை என் பாவத்தைச் சுமப்பாள் என்று தோன்றவே, வீடு சேர்ந்ததும் காகிதத்தை எடுத்தேன். உட்கார்ந்து எழுதினேன். தட்ட வேண்டாம் என்பது அவள் சொன்னதல்ல, திருவனந்தபுரத்திலிருக்கும் தோழி சொல்லி எழுதவைத்தது, அவள் தயங்கினாள், உங்கள் வழக்கத்தை அவள் மதித்தாள், என் பெயரையும் அந்த வரியில் போடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. இனி உன் ஊர்க்காரர்கள் சொல்லலாம். சொன்னாலும் அந்த ஒரு பகல் என்னை விட்டுப் போகாது. நீ தூங்குகிறாய் என்று நான் நிம்மதியாக ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் யாரோ நடந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீ தரையில் கிடந்தாய்.