பானைக்கு ஒரு மூக்குத்தி

ஏதென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் சௌக்கியம்தானே? உங்கள் முட்டிவலி தேவலையா? சித்தூரில் மழை உண்டா?

இங்கே வகுப்பில், பழைய கிரேக்கப் பானைகளைப் போலச் செய்து படம் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் கடவுளையும் போர்வீரனையும் வரைந்தார்கள். நான் நம் வயலில் நீங்கள் மயில் விரட்டுவதை வரைகிறேன். ஆளுக்குப் பக்கத்தில் பேர் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். அதனால் உங்கள் பேரை 'முத்தாத்தாள்' என்று தமிழிலேயே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "இது எந்த ராணி?" என்றார் வாத்தியார். "எங்க அம்மாங்க" என்று வாயில் தமிழ்தான் வந்தது.

முகத்தைப் பக்கவாட்டில்தான் வரைய வேண்டும். உங்கள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று ஞாபகமே வரவில்லை. வீடியோ காலில் "தெரியறனா கண்ணு?" என்று கேட்பீர்கள். "தெரியறீங்கம்மா" என்பேன். உண்மையில் உங்கள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பானை சூளைக்குப் போகிறது. சுட்ட பிறகு மாற்ற முடியாது. இந்தக் கடிதத்தை அண்ணன் போனுக்கே அனுப்புகிறேன்; அதற்குள் உங்கள் முகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பானைக்கு ஒரு பக்கம் போதும். இருந்தாலும் இரண்டு பக்கமும் எடுக்கட்டும், நேராகவும் ஒன்று.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

செல்வப்பிரியா