தரணிதரன் சந்தனம் வைக்கப்போகும் சக்கரம்

றொசல்ல
திருக்கார்த்திகைக்கு மறுநாள்

அன்பு மகன் விஜிதரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா காவலில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி நிலக்ஷியும் சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் டோகா வெயிலில் வாடாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். இருக்கிற ஒரு நல்ல போன் உன் தங்கச்சியுடையது, அதில் நான் எது பேசினாலும் அவள் காதில் விழும், அவள் காதுக்குத் தப்பினாலும் லயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக் காம்பரா வீட்டார் காதுக்குத் தப்பாது. இதில் நான் எழுதப்போகும் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது. அதனால்தான் கிஷாந்த் லீவு முடிந்து அங்கே திரும்புவதைக் கேள்விப்பட்டு அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே தேயிலைத் தூளும் பருத்தித்துறை வடை மாதிரி நான் சுட்ட தட்டையும் இருக்கும், தட்டை உடைந்திருந்தால் கிஷாந்தைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. காம்பராவுக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்து கோழிக்கூட்டை மூடிவிட்டது, கோழி தப்பித்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் மலைக்காவல் வேலையை விட மாட்டேன் என்கிறார், கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்து எனக்கே ஞாயம் சொல்கிறார். பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நிலக்ஷி பாலர் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறாள், பிள்ளைகள் அவளைச் சைக்கிள் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். தோள் எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் தண்ணீர் கேனைத் தூக்கும்போது அவள் முகம் ஒரு பக்கம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சைக்கிள் கடைத் தரணிதரன் ஞாபகம் வந்து வயிறு பற்றி எரிகிறது.

நீ தூரத்தில் இருந்து போனில் கேட்டது பாதிதான், முழுவதையும் இப்போது சொல்கிறேன். போன சித்திரைத் திருவிழா சைக்கிள் ரேஸுக்கு முன்னால் அட்டன் டவுனில் அவன் சைக்கிள் கடைக்குப் போய், சீட்டு எடுத்த காசில் பின் வீல் ஒன்று வாங்கினேன் அல்லவா, புத்தம் புதுசு என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கொடுத்தான். கினிகத்தேனை வரை இறங்கித் திரும்பி மேடு ஏறி வரும் ரேஸில், இறக்கத்தில் உன் தங்கச்சிதான் முன்னால். வட்டவளைக்கு மேல் உள்ள வளைவில் ஸ்போக்ஸ் கம்பி படபடவென்று அறுந்து வீல் கோணி, பிள்ளை ரோட்டில் போய் விழுந்தாள். பின்னால் வந்த அவன் மகள் கோசலா ஜெயித்தாள். நான் அந்த வீலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ரிம்முக்கு மேலே கறுப்புப் பெயின்ட் உரிந்து உள்ளே துரு தெரிந்தது, பழைய வீலுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்றிருக்கிறான். காட்டினேன். பள்ளத்தில் விட்டிருப்பாள் என்றான். அதோடு விட்டிருந்தால் ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு வந்திருப்பேன். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "லயத்துப் புள்ளைக்கு எதுக்கும்மா ரேஸு? குனிஞ்சு கொழுந்து எடுத்த பரம்பரை, குனிஞ்சே இருந்தா விழ மாட்டீங்க." நின்றவர்களும் சிரித்தார்கள். நான் வீலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தேன், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே ஒரு நேர்த்திதான் வைத்தேன். இவன் குனிய வேண்டும். என் மகளுக்கு முன்னால், ஊர் பார்க்க, இவன் குனிய வேண்டும்.

அதற்கு வழி நம் கோயிலிலேயே இருக்கிறது, உனக்கு மறந்திருக்காது. ரேஸில் முதலாவது வந்த சைக்கிளைக் கோயில் வாசலில் நிறுத்தி, அந்த ரேஸின் உபயகாரர் தன் கையாலேயே இரண்டு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தொட்டுக் கும்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆற்றில் நீர் நிரப்பிப் பாலித்த கரகம் வாசலைத் தாண்டும். வேலையாள் கையில் கொடுத்து வைக்கச் சொல்ல முடியாது. உபயகாரர் யார், தரணிதரன்தான், மைக்கில் தன் கடைப் பெயரைச் சொல்லவேண்டும் என்பதற்காக வருஷாவருஷம் அவனே எடுத்துக்கொள்கிறான். போன தடவை தன் மகள் சைக்கிளுக்குத் தானே சந்தனம் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். வருகிற சித்திரையில் அவன் விரல் லயத்துச் சக்கரத்தில் பட வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

இப்போது வீல் விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சிக்குப் புது வீல் வாங்க நீ அனுப்பிய மூன்று படத்தையும் பார்த்தபோது போனில் நான் என்ன சொன்னேன், எவ்வளவு விலையானாலும் பரவாயில்லை, அந்தக் கறுப்புக் கார்பன் வீலை வாங்கு என்றேன். கோசலாவுக்கு அவன் வாங்கிக் கொடுத்திருப்பதும் கார்பன்தான், அதன் ரிம் நாலு விரல் உயரம், நீ காட்டியது அதைவிட ஒரு விரல் கூடுதல். ரோட்டில் போகும்போது ஊதல் மாதிரி ஒரு சத்தம் வருமாம், அந்தச் சத்தம் அவன் கடைக்குள்ளே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நிலக்ஷி அப்போதே வேண்டாம் என்றாள். பழைய வீல் எவ்வளவு பாரம் என்று பார்க்கிறேன் என்று இரண்டையும் கொழுந்து மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்து நிறுக்கும் தராசிலேயே தொங்கவிட்டாள். கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் சாக்குக்கு என்று ஒரு கிலோ கழித்துச் சொன்னார், மடுவத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கழிக்காமல் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், இப்போது இருப்பது நல்ல பாரம், நீ காட்டிய விலை குறைந்த அலுமினிய வீலும் அந்த உயரமான கார்பனும் கிட்டத்தட்ட ஒரே எடைதான், மேடு ஏறுவதற்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் காசைக் கொட்ட வேண்டாம் என்று. நான் கேட்கவில்லை. அலுமினிய வீலைப் பார்த்தால் பால்காரர் சைக்கிள் வீல் மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்துத் தரணிதரனுக்கு என்ன எரியப்போகிறது என்று சண்டை பிடித்தேன்.

இந்தப் பிள்ளை இன்னமும் கோசலாவோடு சேர்ந்துதான் சைக்கிள் ஓடிப் பழகப் போகிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்துவிட்டேன். அவளுடைய அப்பா செய்ததற்கு அவள் என்ன செய்வாள் என்கிறாள். போன வாரம் இரண்டு பேரும் மழையில் இறக்கம் இறங்கியிருக்கிறார்கள். அதே வளைவு. கோசலா பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்கச் சைக்கிள் நிற்கவே இல்லையாம், நேரே போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்து முழங்கால் இரண்டும் தோலுரிந்து, அப்பாவிடம் சொல்லாதே என்று அழுதாளாம். நிலக்ஷி வந்து இதைச் சொன்னபோது நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன் மகனே, கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். செய்தவன் வினை பிள்ளை தலையில் விடிந்தது என்றுகூடச் சொன்னேன். உன் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை. "அம்மா, அந்தக் கார்பன் ரிம்மு நனைஞ்சா பிரேக்கு புடிக்காது. அவ விழுந்ததுக்குச் சிரிக்கிறீங்க. அதே வீலைத்தான் எனக்கு வாங்கச் சொல்லி அண்ணன்கிட்ட சண்டை போடுறீங்க" என்றாள். ரொட்டியைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுப்பில் இருந்த ரொட்டி கருகிப்போனது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, கடைசியில் சுற்றிச் சுற்றித் தரணிதரன்மேலேயே வந்து நின்றது. நம் ஊரில் சித்திரையில் மத்தியானப் பூசை முடிந்துதான் ரேஸ் விடுவார்கள், மழையும் அதே நேரத்துக்குத்தான் வரும். ஒரு தடவை இவன் விற்ற வீலில் என் பிள்ளை விழுந்தாள். இன்னொரு தடவை, இவன் வயிறு எரிய வேண்டும் என்று நானே வாங்கிக் கொடுத்த வீலில் விழுந்தால், அப்போதும் ஜெயித்தவன் அவன்தானே.

இனி நான் எழுதுவதுதான் நிலக்ஷிக்குத் தெரியக் கூடாதது. மறுநாள் காலைப் பெரட்டுக்கும் மலை வேலைக்கும் போகாமல் பஸ் ஏறி அட்டனுக்குப் போனேன். பழைய சேலை வேண்டாம் என்று திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கடையில் அன்றும் ஆட்கள் நின்றார்கள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் வீல் ஏதும் வேண்டுமா என்று அதே சிரிப்போடு கேட்டான். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "மொதலாளி, மழையில ஒங்க மவளுக்குப் பிரேக்கு புடிக்கல. ரெண்டு முழங்காலும் உரிஞ்சு கெடக்கு, ஒங்களுக்குப் பயந்து சொல்லல. அந்த வீலை மாத்திக் குடுங்க. என் மவ ஜெயிக்கிறப்ப ஒங்க மவ அவளுக்குப் பின்னாடி ரோட்டுல வரணும், ஆஸ்பத்திரியில கெடக்கக் கூடாது." அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை, நிலக்ஷி சொன்ன மாதிரி, நீளப் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தது ஏன் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது போல இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்கக்கா என்றான். முன்பு நான் அவனுக்கு அம்மா, இப்போது அக்காவாகிவிட்டேன். நான் உட்காரவில்லை. நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே விஜி, அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு துளி இரக்கம் இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் அவள் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும்போது என் மகள் ஜெயித்தால், எதிராளி இல்லாமல் ஜெயித்தாள் என்று அவன் மைக்கிலேயே சொல்லிவிடுவான். அந்தச் சாட்டு அவனுக்கு மிஞ்சக் கூடாது.

ஆகவே நீ அந்தத் தாழ்ந்த ரிம் அலுமினிய வீலையே வாங்கு. டிஸ்க் பிரேக் போட்ட அந்த நடுப் படத்தை மறந்துவிடு, அது நம் சைக்கிளுக்கு ஏறவே ஏறாது. கம்பிகள் சாதாரணமாகத் தலை வளைந்த கம்பியாக இருக்கட்டும், தட்டையான புதுமாதிரிக் கம்பி என்றால் ஒன்று அறுந்தாலும் அட்டனில் கிடைக்காது, தரணிதரன் கடையில்தான் போய் நிற்க வேண்டும். உதிரியாக நாலைந்து கம்பியும் வாங்கிப் போடு. டயர் அகலம் இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், பிரேமில் உரசும் என்கிறாள் நிலக்ஷி. மிச்சமாகும் காசில் உனக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொள், கால் வலிக்கிறது என்று போன தடவை சொன்னாய். கோபத்தில் அங்கே யாரோடும் வம்புக்குப் போகாதே, அந்த வேலையை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாரியம்மா உன்னையும் உன் கை கால்களையும் காப்பாற்றட்டும், நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், அடுத்த திருவிழாவுக்காவது லீவு கிடைத்து வாசலில் வந்து நிற்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பின் சக்கரத்துப் பல்லுச் சில்லுக்குப் பின்னால் போடும் மெல்லிய வாசர் வளையம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, மறந்துவிடாதே, அது இல்லாவிட்டால் வீல் வந்தும் சும்மாதான் கிடக்கும். தாழ்ந்த ரிம் என்று எனக்கு இப்போது வருத்தம் இல்லை. உயரமான ரிம் என்றால் பலகை மாதிரி இடம் இருக்கும், நின்றபடியே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போய்விடுவான். இதில் சந்தனம் வைக்க விரல் அகலம்தான் இடம். முழங்காலை மடக்கி, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, அவன் நன்றாகக் குனிந்தால்தான் வைக்க முடியும்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
செ. சண்முகவடிவு