சிவப்பு விளக்கில் நின்ற வண்டி

லம்பாங், வியாழக்கிழமை

மகனுக்கு,

சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த பிக்கப் வண்டி இடித்தது. குற்றத்தை நீ என் மேல் எழுதச் சொன்னாய்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வாசனா என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள். கார் உன் பெயரில் இருப்பதால் பாங்காக்கில் இருக்கும் உன்னை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சுங்க, கண்ணும் சரியா தெரியாது. அவருதான் காரைப் பின்னால எடுத்திருப்பாரு. நம்ம தப்புன்னே எழுதிடுங்க" என்றாய்.

பிக்கப்காரன் சிரித்தான். "தாத்தா, பெத்த பிள்ளையே சொல்லிட்டான். இனிமே சைக்கிள் ஓட்டுங்க."

வாசனா மட்டும் கேட்டாள்: "பக்கத்துல யாரும் இல்லையா தாத்தா? பார்த்தவங்க ஒருத்தர் இருந்தாலும் போதும்."

உன் அம்மா இறந்த பிறகு காரில் என் பக்கத்து இருக்கையில் காய்கறிப் பைதான் வருகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. நம் தப்பு என்று எழுதிய படிவத்தில் நான் கையெழுத்தும் போடவில்லை. திங்கள்வரை பொறுப்பதாக அவள் சொல்லிப் போனாள்.

இனி நடக்க வேண்டியது இது. முனையிலுள்ள மருந்துக்கடையின் கேமராப் பதிவை நான் கேட்டு வாங்குவேன். வாசனா புதுப் படிவம் எழுத வேண்டும். நீ சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும், போனில் அல்ல, நேரில். ஞாயிறு பேருந்தில் வா. இரண்டு நாளாவது தங்க வேண்டும். நிலையத்தில் டாக்ஸி பிடிக்கக் கூடாது. காரை நான்தான் ஓட்டிவருவேன். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார வேண்டியது நீ.

அப்பா