செயற்கைக் கண் இரண்டு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். படியேறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எரிச்சல்படுவாய். ஆனாலும் கேட்கிறேன்.

மருத்துவமனையில் எங்கள் பிரிவை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். புது அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். செயற்கைக் கண்ணுக்கு வண்ணம் தீட்டுவது பகல் வெளிச்சத்தில்தான் முடியும் என்று நிர்வாகியிடம் சொன்னேன். "பெயிண்ட் அடிக்கிறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு வெளிச்சம்?" என்றார். மேசையை நானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். லாரியின் முன்கண்ணாடி உடைந்து இடது கண் போய்விட்டது. நான்கு நாள் எதிரே உட்காரவைத்து, அவருடைய நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழிக்கு ஒன்பது பூச்சு கொடுத்தேன். வெள்ளையில் நரம்புக்காகச் சிவப்புப் பட்டுநூலைப் பிரித்து இழை இழையாக ஒட்டினேன். அதைப் பொருத்திக்கொண்டு அவர் வெளியே போனபோது வரிசையில் இருந்த ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வெற்றி. நீ செய்வதை எல்லோரும் நின்று பார்க்க வேண்டும், நான் செய்வது யார் கண்ணிலும் படக் கூடாது. இதை இருபத்திரண்டு வருடமாகப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன், உன் சிற்பக் கண்காட்சிக்கு வரும்வரை.

அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "அன்னைக்கு ஏன் சொல்லாம கிளம்பிட்டே?" என்று நீயே கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் தலையை நன்றாகச் செய்திருந்தாய். மனதாரச் சொல்கிறேன். நெற்றி மேடு, மூடியும் மூடாத உதடு, எல்லாம் உன் கை. எத்தனை பிறவி எடுத்தாலும் எனக்கு வராது. ஆனால் கூட்டம் நின்றது அந்தக் கண்ணுக்கு முன்னால். நீ கேட்டு, நான் செய்து அனுப்பிய கண். வலதில் ஓரமாக ஒரு பழுப்புப் புள்ளி, கருவிழியைச் சுற்றி வயதானவர்களுக்கு விழும் சாம்பல் வளையம். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். சிலைக்குக் கீழே அட்டையில், "சுட்ட களிமண், மரம், செயற்கைக் கண் இரண்டு" என்று போட்டு உன் பெயர் எழுதியிருந்தது. மண்ணோடும் மரத்தோடும் என்னையும் சேர்த்துவிட்டாய்.

அதையும் விழுங்கியிருப்பேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உன்னிடம், "எப்படிங்க இந்தப் பார்வையைக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசம் தூக்கமே இல்ல. ஒரு நாள் அதுவா வந்துச்சு" என்றாய். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அந்தக் கண்ணு நான் பண்ணினதுங்க" என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். என் தோளில் கை போட்டு, "எங்க அக்கா, ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க. என்மேல உசிரு. நான் எது செஞ்சாலும் தானே செஞ்ச மாதிரி சந்தோஷப்படுவாங்க" என்றாய். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குழந்தை சுவரில் கிறுக்கியதைக் காட்டினால் பெரியவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி.

பஸ்ஸில் வரும்போது உன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். ஓவியக் கல்லூரி விண்ணப்பம் இரண்டு வாங்கிவந்து, உன்னுடையதை மட்டும் நிரப்பியவள் நான். அப்போது உனக்குப் பதினேழு, எனக்கு இருபத்தைந்து. தம்பிக்காக விட்டுக்கொடுத்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நீ அரை டிரவுசர் போட்ட வயதிலேயே வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நான் கலைஞன்" என்பாய். துளி வெட்கம் கிடையாது. எனக்கு அந்தச் சொல்லை வாயில் வைக்கவே பயம், யாராவது சிரித்துவிட்டால்? நாற்பத்தேழு வயதில் ஒரே ஒரு தடவை, அதையும் சுற்றிவளைத்துத்தான் சொன்னேன். சிரித்தது நீ.

இப்போது அம்மாவின் தலை முடிந்துவிட்டது, கண் மட்டும் பாக்கி என்கிறாய். "அம்மா கண்ணு எனக்கு ஞாபகமில்ல, உனக்குத்தான் தெரியும், சீக்கிரம் பண்ணி அனுப்பு" என்று எழுதியிருக்கிறாய். இந்தத் தடவை அட்டையில் என் பெயரையும் சின்னதாகப் போடுவாயாம். வேண்டாம். அன்றைக்கு வாயால் சொல்ல முடியாததை இன்றைக்குக் காரியம் ஆக வேண்டும் என்பதற்காக எழுதாதே.

அம்மா போகும்போது உனக்கு மூன்று வயது. ஞாபகம் இல்லாதது உன் தப்பில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது அப்பாவின் கண். உனக்கு வந்தது அம்மாவுடையது. தேன்நிறம், கண்பாவையைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை, இடது கண்ணின் அடியில் மெல்லிய கீற்று ஒன்று. அச்சு அசலாக உன் முகத்தில் இருக்கிறது. தனியாகச் செய்து அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை.

வண்ணம் தீட்டாத வெள்ளைக் கண் நான்கும், என்னுடைய மிக மெல்லிய தூரிகையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு கண்டிப்பாகக் கெட்டுப்போகும், அதனால்தான் நான்கு. காலை வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார். விரல் நடுங்கும். முதல் கண் செத்த கண்ணாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. பாதியில் எழுந்து போய்விடாதே. எத்தனை நாள் உட்கார்ந்தும் வரவில்லை என்றால், வரவில்லை என்று ஒரு வரி எழுது. அக்காவிடம் அதையாவது மறைக்காமல் சொல்லப்பா.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா